சென்னைக்குப் படிக்க வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சிலிங் முடிந்து, கல்லூரி திறக்கும் வரைக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் (ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம்) அவர்களைப் பெற்றவர்களும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். நான் சென்னையில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. சொந்தக்காரர் பிள்ளை, சொந்தக்காரருக்குத் தெரிந்தவர் பிள்ளை என்று வருஷா வருஷம் யாரையாவது ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஃபோனில் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

அண்ணே, ஊர்ல இருந்து வர்றோம், சென்னையில எங்க இறங்கணும்?

பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கம். தெற்கிலிருந்து வரும் அரசு பஸ்கள் இப்போது கோயம்பேடு வரை போவதில்லை, 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடும். அது வண்டலூருக்குப் பக்கம், அங்கிருந்து ஊருக்குள் வர மாநகரப் பஸ்ஸில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். சென்னை வந்துவிட்டோம் என்று அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்ன பிறகுதான் இன்னொரு பயணம் பாக்கி இருப்பது பலருக்குத் தெரிகிறது. விடியற்காலையில் பெட்டியும் கையுமாக நிற்கும்போது ஆட்டோக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டுப் பதற வேண்டாம், நிலையத்துக்குள்ளேயே மாநகரப் பஸ்கள் நிற்கும் பக்கம் நடந்துவிடுங்கள்.

ரயில் என்றால், தெற்கு வண்டிகள் தாம்பரம் வழியாக எழும்பூர் வரும், சிலது தாம்பரத்தோடு நின்றுவிடும். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து வண்டிகள் சென்ட்ரலுக்குப் போகும். கல்லூரி குரோம்பேட்டை, கிண்டி, வேளச்சேரி பக்கம் என்றால் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள், எழும்பூர் வரை போய்த் திரும்பி வருவது வெட்டி அலைச்சல்.

முதல் நாளே என்னென்ன கொண்டு வரணும்?

பொருளை விடக் காகிதம் முக்கியம். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நாலைந்து செட் ஜெராக்ஸ், ஒரு கொத்து பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ. ஒரிஜினலைக் கல்லூரி வாங்கிக்கொள்வதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரிஜினல் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

வாளி, மக்கு, பாய், மெத்தையை எல்லாம் ஊரிலிருந்து சுமக்காதீர்கள், எல்லாம் இங்கே தெருமுனையில் கிடைக்கிறது. ஒரே ஒரு நல்ல பூட்டு மட்டும் கொண்டு வாருங்கள்.

ஹாஸ்டல்ல சேரவா, பிஜியா (தனியார் நடத்துற விடுதி), இல்ல நாலு பேரு சேர்ந்து ரூம் எடுக்கவா?

முதல் வருஷம் கல்லூரி ஹாஸ்டல்தான். சாப்பாடு வாயில் வைக்க முடியாது, ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டுகிறார்கள் என்று ஆயிரம் குறை சொல்லலாம், எல்லாம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்ட ஒரு ஆள், லேப் ரெக்கார்டு வாங்கிப் பார்த்து எழுத நாலு ஆள், இது இரண்டும் வேறு எங்கேயும் முதல் மாதத்திலேயே கிடைக்காது. இரண்டாம் வருஷம் யார் யாரோடு ஒத்துப்போகும் என்று தெரிந்த பிறகு வெளியே ரூம் பாருங்கள்.

கல்லூரி ஹாஸ்டலில் இடமில்லை, பணமும் இறுக்கம் என்றால், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் நடத்தும் அரசு விடுதிகள் இருக்கின்றன (2025லிருந்து இவற்றுக்குச் சமூக நீதி விடுதி என்று பெயர்). தங்குவதும் சாப்பாடும் இலவசம். கல்லூரியில் சேர்ந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும், ஆகஸ்ட், செப்டம்பர் என்று இழுத்தால் இடம் போய்விடும். இதை யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களை (தனி ஆட்கள் மாத வாடகைக்குத் தங்கும் அறைக் கட்டடங்கள்) பற்றியும் கேட்கிறார்கள். வேலை தேடி வருபவர்களுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் அது சரி. பதினேழு வயதுப் பையனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பிஜி பாக்கப் போறோம், என்னத்தப் பாக்கணும்?

பகல் பதினோரு மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாரும் வெளியே போயிருப்பார்கள், அறை காலியாக, கூட்டிப் பெருக்கி, ஊதுபத்தி வாசனையோடு இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குப் போங்கள். சாப்பாட்டு நேரம், குழம்பு எப்படி இருக்கிறது என்று தெரியும், மூன்று பேர் அறை என்றார்களே, எத்தனை பேர் படுக்கிறார்கள் என்றும் தெரியும். படிக்கட்டில் இறங்கி வரும் ஒரு பிள்ளையிடம் "தண்ணி ஒழுங்கா வருதா, கிளம்புறப்போ அட்வான்ஸத் திருப்பித் தந்தாங்களா" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஓனரிடம் அரை மணி நேரம் பேசினாலும் இந்தத் தகவல் கிடைக்காது.

அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் போர் தண்ணீர், தலைமுடியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம். கரண்ட் பில் வாடகையில் சேர்ந்ததா, தனியா, தனி என்றால் யூனிட் எவ்வளவு, ஏசியை யார் எத்தனை மணி நேரம் போடுவது என்பதெல்லாம் பேசிவிட வேண்டும். சண்டை எப்போதும் ஏசியில்தான் ஆரம்பிக்கும்.

பெண்கள் விடுதி என்றால் இன்னொன்று. 2014ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

அட்வான்ஸ் பத்து மாச வாடகை கேக்குறாங்கண்ணே, கொடுக்கலாமா?

சென்னைப் பழக்கம் அது. 2017ம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'ஒழிய' என்ற ஓட்டையில்தான் ஊரே நுழைந்து போகிறது. பேரம் பேசினால் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருவார்கள். எவ்வளவு கொடுத்தாலும் பேங்க் வழியாகக் கொடுங்கள், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள், குடியேறும் அன்றே சுவரையும் குழாயையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

ரூம் கேட்டா 'நீங்க என்ன ஆளுங்க'னு கேக்குறாங்க. என்ன சொல்ல?

கேட்பார்கள். நேராகவும் கேட்பார்கள், "அப்பா பேரென்ன, குலதெய்வம் எது, நான்-வெஜ் சாப்பிடுவீங்களா" என்று சுற்றி வளைத்தும் கேட்பார்கள். 'சைவம் மட்டும்' என்று போர்டு போட்ட வீடுகள் மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் நிறைய உண்டு, முஸ்லிம் பிள்ளைகளுக்கு வீடு மறுப்பதும் சர்வ சாதாரணம். பெரிய ஊருக்கு வந்துவிட்டால் இதெல்லாம் இருக்காது என்று நினைத்து வருபவர்களுக்கு முதல் அடி இங்கேதான் விழுகிறது. இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

பொய் சொல்லி நுழைய வேண்டாம், ஒவ்வொரு நாளும் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். சீனியர்கள் ஏற்கெனவே இருக்கும் வீடு, காலியாகும்போது அப்படியே கைமாறும் வீடு, இதுதான் நல்ல வழி. உங்கள் துறையின் மூன்றாம் வருஷ மாணவர்களிடம் மார்ச், ஏப்ரலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

பஸ்ஸு, எலக்ட்ரிக் ட்ரெயின், மெட்ரோ... எதுல போறது?

காசு குறைவு எலக்ட்ரிக் ட்ரெயினில்தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் பத்து ரூபாய் டிக்கெட், சீசன் எடுத்தால் அதிலும் குறையும், மாணவர்களுக்குச் சீசனில் தனிச் சலுகை உண்டு, கல்லூரியில் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் மாட்டுவது ஒரு இடத்தில்: கூட்டமே இல்லாமல் ஒரு பெட்டி வந்து நிற்கும், ஆஹா என்று ஏறுவீர்கள், அது முதல் வகுப்பு. டிடிஇ அங்கேதான் நிற்பார். ஏறுவதற்கு முன் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். பெண்கள் பெட்டியும் அப்படித்தான், பையன்கள் அவசரத்தில் ஏறி அபராதம் கட்டுவது வழக்கம்.

பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு 2021லிருந்தே இலவசம். அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. மற்றவர்கள் தினம் நாலு பஸ் மாறுகிற ஆளாக இருந்தால் ஆயிரம் ரூபாய் மாத பாஸ் எடுத்தால் ஏசி தவிர்த்த மாநகரப் பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள், கல்லூரிக்கு நடந்தே போகிற பிள்ளைக்கு அது தண்டம். மெட்ரோ வசதிதான், பத்திலிருந்து ஐம்பது ரூபாய் வரை, தினம் இரண்டு தடவை என்றால் கையைக் கடிக்கும். பரீட்சை நாள், மழை நாள், பெட்டியோடு போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நம்பரில் ஒரு எழுத்து மாறினாலும் வண்டி வேறு எங்கோ போகும், ஏறும்போதே கண்டக்டரிடம் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். எரிந்து விழுவார், ஆனால் சரியாக இறக்கிவிடுவார்.

ஆட்டோக்காரங்க ஏமாத்துவாங்களாமே?

2013ல் அரசு போட்ட கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்த ரேட்டுக்கு இன்று யாரும் வர மாட்டார்கள், அதைச் சொல்லி நடுத்தெருவில் வாதாடிப் பிரயோஜனம் இல்லை. செயலியில் என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்கள், அதற்குப் பக்கத்தில் வந்தால் தெருவில் நிற்கும் ஆட்டோவிலேயே ஏறலாம். நான் பார்த்த வரையில் ஏமாற்றுபவர்களை விட, வழி தெரியாமல் நிற்கும் பிள்ளையைச் சரியான பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விட்டவர்கள் அதிகம். ராத்திரி தனியாகப் போனால் வண்டி நம்பரை ரூம்மேட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள், ஆணாக இருந்தாலும்.

மாசம் எவ்வளவு பணம் அனுப்பணும் தம்பி?

இது அப்பாக்களின் கேள்வி. இடத்துக்கு இடம் மாறும், நான் ஒரு தொகை சொன்னால் தப்பாகப் போகும். ஒன்று சொல்கிறேன், முதல் இரண்டு மாதத்தை வைத்து வருஷத்தைக் கணக்குப் போடாதீர்கள். வாளி, தலையணை, டிராஃப்டர், லேப் கோட், ஐடி கார்டு, அசோசியேஷன் ஃபீஸ் என்று ஆரம்பத்தில் காசு தண்ணீராய்ப் போகும், மூன்றாம் மாதச் செலவுதான் உண்மையான செலவு.

பிள்ளைகளுக்கு: ஃபோனில் ஸ்கேன் பண்ணிக் கொடுக்கும்போது காசு போவதே தெரியாது. டீக்கடை, ஜூஸ், ராத்திரி பரோட்டா என்று இருபதும் முப்பதுமாகப் போய், இருபதாம் தேதி கையில் ஒன்றும் இருக்காது. வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் ஒரு கணக்கு, தினச் செலவுக்கு இன்னொரு கணக்கு என்று பிரித்து, இரண்டாவதில் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் பணம் மாற்றுங்கள். கை ரொம்ப வறண்டால் அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. கூச்சப்பட ஒன்றுமில்லை, வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

வந்ததுல இருந்து வயிறு சரியில்ல, முடி கொட்டுது...

தண்ணீர்தான். குடிக்க கேன் தண்ணீரோ காய்ச்சிய தண்ணீரோ மட்டும், ரோட்டோரக் கடையில் ஜூஸ் குடித்தால் ஐஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வயிறு பழகிவிடும். முடிக்கு, குளித்து முடிக்கும்போது கடைசியாக ஒரு குவளை குடிதண்ணீர் விட்டு அலசிப் பார்க்கலாம், சிலருக்குப் பலன் இருக்கிறது.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருக்காதீர்கள், மழைக்காலத்தில் டெங்கு சுற்றும். ஒவ்வொரு பகுதியிலும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, காசு கிடையாது, ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். பெரிய அளவில் என்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சென்ட்ரலுக்கு எதிரே, கிண்டியில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை தென்சென்னைக்காரர்களுக்குக் கிட்டம்.

கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்சேன், எனக்கு என்ன உதவி கிடைக்கும்?

ஆறிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால், பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், முதல் வாரத்திலேயே அவரைத் தேடிப் பிடியுங்கள். ஆதார் இணைக்காத வங்கிக் கணக்கால் பணம் நின்றுபோன கதைகளைத்தான் அதிகம் கேட்கிறேன்.

பொறியியல், மருத்துவம் போன்றவற்றில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரி ஏதாவது தலைப்பில் பணம் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகையும் சாதி அடிப்படையிலான உதவித்தொகையும் தனி. எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன அதே காகிதங்கள்தான்.

நான் தமிழ் மீடியம். கிளாஸ்ல ஒண்ணுமே புரியல, திரும்பி வந்துடவா?

வர வேண்டாம். புரியாமல் இருப்பது பாடம் இல்லை, பாடத்தின் மேல் போட்டிருக்கும் சட்டை. வகைக்கெழுவில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன், சார் 'டெரிவேட்டிவ்' என்று சொன்னதும் புதிதாக ஏதோ நடத்துகிறார் என்று பயந்துபோய் உட்கார்ந்திருப்பான். அரசின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தமிழ்ப் புத்தகத்தையும் அதே பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே பாடம், அதே படம், அதே கணக்கு. தினம் ஒரு பாடம் இப்படிப் புரட்டினால், முதல் இன்டர்னல் வருவதற்குள் பாதி மூட்டம் விலகிவிடும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேருவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் போய்த் தமிழிலேயே கேளுங்கள். பேராசிரியர்களில் பாதிப் பேர் நம்மைப் போலத் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள்தான், சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒரு மாதம் சிரிப்பார்கள், அப்புறம் அவர்களே அதைப் பேச ஆரம்பிப்பார்கள்.

சீனியர்ஸ் ராத்திரி ரூமுக்குக் கூப்பிடுறாங்க. போகலேன்னா பிரச்சனையாகுமா?

பெயர் சொல்லு, ஊர் சொல்லு, பாட்டுப் பாடு என்பதோடு நின்றால் சிரித்துவிட்டு வந்துவிடலாம் என்பார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அதுவே நரகம், அதனால் எது ராகிங் என்பதை முடிவு செய்வது நீங்கள்தான், சீனியர் இல்லை. 1996ல் சிதம்பரத்தில் நாவரசு என்ற முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கமும் உண்டு.

போகாதீர்கள், அறைக் கதவைத் தட்டினால் வார்டனுக்கு ஃபோன் போடுங்கள். கல்லூரிக்குள் சொல்லத் தயக்கமாக இருந்தால் 1800-180-5522 தேசிய ராகிங் தடுப்பு எண், எந்த நேரமும் பேசலாம், பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்அப் மெசேஜ் வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள்.

எங்க காலேஜ்ல 'ரூட்டு தல'னு ஒரு அண்ணன் இருக்காரு, பஸ்ல அவரோட சேர்ந்து போகலாமா?

வெளியூர்ப் பிள்ளைக்கு இது முதலில் பாசமாகத்தான் தெரியும். ஒரே பஸ் ரூட்டில் வருபவர்கள் ஒரு கூட்டம், அதற்கு ஒரு தலை, பாட்டு, தாளம், டீ வாங்கித் தருவது. தனியாக வந்தவனுக்கு அந்தக் கூட்டம் பெரிய தெம்பு. ஆனால் வேறு கல்லூரிக் கூட்டத்தோடு ரயில்வே ஸ்டேஷனில் சண்டை என்று வரும்போது முன்னால் நிற்கச் சொல்வது புதுப் பையன்களைத்தான். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் நடந்த அப்படியொரு தாக்குதலில் ஒரு மாணவர் செத்தே போனார். மாணவர்கள் தங்கள் ரூட் பஸ்ஸைப் பிடித்து வைத்து நடத்தும் 'பஸ் டே' கொண்டாட்டத்தை உயர் நீதிமன்றம் 2011லேயே தடை செய்துவிட்டது, 2019ல் பஸ் கூரையிலிருந்து பையன்கள் கொத்தாகச் சரிந்து விழுந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

பெயர் எஃப்ஐஆரில் ஏறிவிட்டால் பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் அது கூடவே வரும். கூட்டத்தில் பேசிச் சிரியுங்கள், பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். புட்போர்டு, ஸ்டேஷன், சாலை மறியல் என்று வந்தால் "ரெக்கார்டு முடிக்கணும்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.

லீவு நாள்ல எங்க போறது?

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல் திறந்தது, ஒன்பது மாடி, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் தனி இடம் இருக்கிறது. ஹாஸ்டல் சத்தத்தில் படிக்க முடியாதவர்களுக்கு வரப்பிரசாதம். எழும்பூரில் 1896லிருந்து நடக்கும் கன்னிமாரா நூலகம், பக்கத்திலேயே அருங்காட்சியகம். மெரினாவுக்குப் போங்கள், சுண்டல் சாப்பிடுங்கள், கடலில் மட்டும் குளிக்காதீர்கள். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகிய பிள்ளைகள்தான் தைரியமாக இறங்குகிறார்கள், அலையின் இழுப்பு வேறு சமாச்சாரம். வருஷம் தவறாமல் கல்லூரிப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள்.

பார்ட் டைம் வேலை பாக்கலாமா?

பார்க்கலாம், முதல் செமஸ்டர் முடியட்டும். நம் பையன்கள் அதிகம் போவது கேட்டரிங் வேலைக்கு. சனி, ஞாயிறு கல்யாண மண்டபத்தில் பரிமாறுவது, ஒரு ஷிஃப்ட்டுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே கையில் பணம், சாப்பாடும் ஆயிற்று. முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புவார்கள், திங்கள்கிழமை வகுப்பில் தூங்குவீர்கள், அதையும் கணக்கில் வையுங்கள். பெரும்பாலான இடங்களில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடுவதில்லை. டெலிவரி வேலைக்குப் பதினெட்டு வயதும் லைசென்ஸும் வேண்டும், நண்பனின் ஐடியில் ஓட்டுவது விபத்து நடக்கும் வரைதான் சுகம்.

பேங்க் அக்கவுண்ட மட்டும் கொடுத்தா மாசம் அஞ்சாயிரம் தர்றேங்கிறாங்க, இது சரியாண்ணே?

கூடவே கூடாது. உங்கள் கணக்கு வழியாக யாரோ ஒருவரிடம் ஏமாற்றிய பணம் போகும், ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில். வேறு மாநிலத்துப் போலீஸாகக்கூட இருக்கலாம். ஏடிஎம் கார்டு, சிம், பாஸ்புக் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், ரூம்மேட் கேட்டாலும். டெலிகிராமில் 'லைக் போட்டால் பணம்' என்று ஆரம்பித்து முதலில் நூறு இருநூறு கொடுத்து அப்புறம் உங்களைக் கட்டச் சொல்வதும் இதே ஆட்கள்தான்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு ஃபோன் செய்யுங்கள், வீட்டில் சொல்லுங்கள். அப்பா திட்டுவார். திட்டட்டும்.

மழைக்கு வெள்ளம் வருமாமே?

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை கவனம். 2015லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. அதனால் பிஜி பார்க்கும்போது தரைத்தளத்தைத் தவிர்த்துவிடுங்கள், "போன மழையில் எதுவரை தண்ணீர் நின்றது" என்று எதிர்க் கடையில் கேளுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஒரு கேன் தண்ணீர், பிஸ்கட், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம். கரண்டும் டவரும் போனால் ஃபோனில் இருக்கும் பணம் ஒன்றுக்கும் உதவாது. சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் தட்டில் வையுங்கள்.

தம்பி, பையன் ஃபோன் எடுக்கவே மாட்டேங்கிறான், என்னமோ ஆயிட்டானோ?

அக்கா, பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தினம் நாலு தடவை "சாப்பிட்டியா, எங்க இருக்க, யார் கூட இருக்க" என்று கேட்டால் பக்கத்தில் நண்பர்கள் இருக்கும்போது எடுக்க மாட்டான். ராத்திரி ஒரு நேரம் வைத்துக்கொண்டு ஒரு தடவை பேசுங்கள், மார்க்கைப் பற்றி வாரத்துக்கு ஒரு நாள் கேட்டால் போதும். ரூம்மேட் ஒருவர் நம்பரையும் வார்டன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வேளை எடுக்கவில்லை என்பதற்கெல்லாம் அவர்களைக் கூப்பிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க எடுக்கவில்லை என்றால் கூப்பிடுங்கள்.

யார்கிட்டயும் பேசப் பிடிக்கல, ராத்திரி அழுகையா வருது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. முதல் மாதத்தில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான். ஊரில் தெருவில் இறங்கினால் பத்துப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இங்கே ஒரு நாள் முழுக்க யாரும் கூப்பிடாமல் போகலாம். தினம் ஒரே டீக்கடைக்குப் போங்கள், ஒரே மெஸ்ஸில் சாப்பிடுங்கள், முகம் தெரிந்துவிட்டால் பேச்சு தானாக வரும். என்எஸ்எஸ், விளையாட்டு, தமிழ் மன்றம் எதிலாவது பெயர் கொடுங்கள். வாரா வாரம் ஊருக்கு ஓடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று நினைப்பு வருகிறது என்றால், அது பழகிவிடும் விஷயம் இல்லை. 14416 அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். வீட்டிலும் சொல்லுங்கள், மார்க், ஃபீஸ், மானம் எல்லாம் அப்புறம்.

தீபாவளிக்கு டிக்கெட்டே கிடைக்கல, என்ன பண்ண?

ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால், காலை எட்டு மணிக்குத் திறக்கும், தென்மாவட்ட வண்டிகள் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள், பொங்கலுக்கும் சேர்த்து. விட்டுவிட்டால் தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகும் அந்தியோதயா முழுக்க முன்பதிவில்லாத வண்டி, சீக்கிரமே போய் வரிசையில் நின்றால் இடம் கிடைக்கலாம். கிளாம்பாக்கத்திலிருந்து அரசு சிறப்புப் பஸ்களும் விடுவார்கள். ஆம்னி பஸ் பண்டிகைக் கட்டணத்தைப் பார்த்தால் அந்தக் காசில் தீபாவளித் துணியே எடுத்துவிடலாம்.

சேர்ந்துட்டேன், கோர்ஸ் பிடிக்கவே இல்ல. விலகினா பணமும் சர்டிஃபிகேட்டும் கிடைக்குமா?

முதலில், பிடிக்காதது கோர்ஸா, ஊரா என்று பாருங்கள். ஊர் என்றால், ராத்திரி அழுகை வருகிறது என்ற கேள்விக்குச் சொன்னதைச் செய்துவிட்டு இரண்டு மாதம் பொறுங்கள். கோர்ஸ்தான் என்றால் பொறுக்காதீர்கள், ஏனென்றால் பணம் தேதியைப் பொறுத்தது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல் போட்ட விதிப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கும் முன்போ விலகினால் ஒரு சிறு செயல்முறைக் கட்டணம் போகக் கட்டணம் முழுதும் திரும்ப வரும், அதற்குப் பிந்திக் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஆகவே கல்லூரியின் சேர்க்கைக் கடைசித் தேதி எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்பதும் அதே விதியில் இருக்கிறது. மூன்று வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் டிசி என்று சில இடங்களில் மிரட்டுவார்கள். வாய்ப்பேச்சாக விடாதீர்கள், முதல்வர் பெயருக்கு விலகல் கடிதம் எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை அன்றைக்கே பதிவுத் தபாலிலும் மெயிலிலும் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.